செகண்ட் கியர் போட்டுத் தள்ளுங்க

காசு சம்பாதிக்கத் தெரியாத ஆளுக்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு வேலை ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒருத்தர் கல்யாணத்தில் பந்தி பார்ப்பார். ஒருத்தர் ஜாதகம் பார்ப்பார். இன்னொருத்தர் துக்க வீட்டில் ஆளுக்கு முந்திப் போய் நாற்காலி எடுத்துப் போடுவார். எனக்குக் கிடைத்தது கார். எங்கள் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முதலில் என்னைக் கேட்டாக வேண்டும். "அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷோரூம் படி ஏறுவார்கள். பையன்கள் எனக்கு வைத்த பெயரே கார் பெரியப்பா.

நானும் ஒரு காலத்தில் முதலாளிதான். காங்கேயம் ரோட்டில் சொந்தமாக நிட்டிங் மிஷின் போட்டு ஓட்டினேன். அப்புறம் மற்றவர்களுக்கு ஆனதுதான் எனக்கும் ஆனது. மிஷின்கள் போயின, ஷெட் போனது. நன்றாக ஓடிய காலத்தில் வாங்கிய ஒரு டீசல் காரும், கார்களைப் பற்றிய என் அபிப்பிராயங்களும் மட்டும் மிஞ்சின. இப்போது என் சகலை மோகனின் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபேப்ரிக் மேனேஜராக இருக்கிறேன். என் மனைவியின் தங்கை கோமதியைக் கட்டியவர் அவர். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், மாதா மாதம் சம்பளமும் போடுவார். (சகலையிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். சொன்னால் சம்பளம் நின்றுவிடும்.)

அந்த அபிப்பிராயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போது வேறு யாரும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் கார் செய்கிறவன் நல்ல இன்ஜின் ஒன்றைச் செய்துவிட்டு, மிச்ச இடத்தில் சீட்டு வைத்தான். இப்போது டிவியை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் காரைச் செய்கிறான். ஏசியைக் கூட்ட ஒரு திருகு இருந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் திருகலாம். இப்போது அதற்குத் திரையில் மூன்று பக்கம் தள்ள வேண்டும். அதற்குள் முன்னால் போகிற பனியன் பண்டல் ஏற்றிய ஆட்டோவுக்குள் நாம் போய்விடுவோம். ஸ்டெப்னி டயரைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பாட்டில் பசையைக் கையில் கொடுக்கிறான். சித்திரை வெயிலில் தார் உருகுகிற ஊரில் கூரையில் கண்ணாடி வைத்து விற்கிறான். நாமும் எச்சாகக் காசு கொடுத்து அதை வாங்கி, உள்ளே துணி போட்டு மூடிக்கொள்கிறோம். கதவு திறந்தால் கீ கீ, பெல்ட் போடாவிட்டால் கீ கீ, கோட்டைத் தாண்டினால் கீ கீ. (எங்கள் ஊர் ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது என்று அந்தக் காரே காட்டினால் நன்றாக இருக்கும்.)

திருப்பூர்க்காரனுக்கு இந்த வித்தை ஒன்றும் புதிதல்ல. பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்போம். அந்தக் கனத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஃபினிஷிங்கில் சாஃப்ட்னரைத் தாராளமாக ஊற்றினால் துணி வெண்ணெய் மாதிரி வழுக்கும். தொட்டவன் ஆஹா என்பான். மூன்றாவது துவைப்பில் சாயம் வெளுக்கும். இன்றைய கார் கம்பெனிகள் செய்வதும் சாஃப்ட்னர் வேலைதான் என்று நான் சொன்னால், ஒரு காலத்தில் எங்கள் சொந்தம் மொத்தமும் வாயைப் பிளந்து கேட்டது.

எலெக்ட்ரிக் கார் வந்தபோது என் தீர்ப்பு இன்னும் சுருக்கம். "அது காரே இல்லீங்க. சக்கரம் வெச்ச செல்போன். பேட்டரி போச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியுமா? முடியாதுல்ல? அப்ப அது வண்டியே கிடையாது."

சகலை அந்த சக்கரம் வைத்த செல்போனைத்தான் வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்தால் சோலார் இருக்கிறதா, தண்ணீரைச் சுத்தம் செய்கிறாயா என்றெல்லாம் கேட்கிறார்கள், கம்பெனி வாசலில் புகை விடாத கார் நின்றால் போட்டோவுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனால், வாசலில் அது நிற்கிறது, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு.

"எப்படிங்ணா இருக்குது?" என்றார் சகலை.

"கலர் நல்லாருக்குதுங்க" என்றேன். அன்று முழுக்க நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்காமல் வாங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு இருந்ததே அந்த ஒரு மரியாதை. அதையும் எடுத்துவிட்டால் நான் வெறும் ஃபேப்ரிக் மேனேஜர்.

இந்த வயிற்றெரிச்சலோடுதான் சகலையின் மகள் நிவேதாவின் கல்யாணம் வந்தது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு என் டீசல் கார்தான் போகும். கழுவி, பாலிஷ் போட்டு, நானே ஓட்டுவேன். இந்தத் தடவையும் பாலிஷ் டப்பா வாங்கி வைத்திருந்தேன்.

"அண்ணா, மாப்பிள்ளையை நம்ம புது வண்டியிலயே கூட்டியாந்தரலாம்" என்றார் சகலை. "உங்க வண்டி சத்தத்துல மேளமே கேக்காதுங்க. ஆனா ஓட்டறது நீங்கதான். நம்ம ஊட்டுல கார்னா நீங்கதான."

ஒரே வாக்கியத்தில் என் காரைத் தள்ளிவிட்டு என்னைத் தூக்கி வைத்தார். "வாங்ணா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கலாம்" என்றும் கூப்பிட்டார். அப்போதே போயிருக்க வேண்டும்.

"முப்பது வருஷமா ஓட்டறேன் மோகன். இதுக்கெல்லாமா பாடம் படிப்பாங்க?" என்றேன்.

வீட்டில் என் மனைவி சாந்தி மெல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க, தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க. அதுல என்னங்க கொறஞ்சு போச்சு?"

குறைந்துதான் போகும் என்பது அவளுக்குப் புரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, அவிநாசி ரோட்டு மண்டபத்துக்கு அடுத்த வீதியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அலங்காரம் செய்கிறவர் முன்பக்க பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இங்க கண்ணாட்டம் என்னமோ இருக்குதுங்க. பொட்டுப் பொட்டா சுத்தியும் வேற இருக்குது. விட்டுக் கட்டட்டுங்களா?"

அது எதிரே ஆள் வந்தால் காரே பார்த்து பிரேக் போடுகிற சமாச்சாரம். எனக்குத் தெரியும். அந்தச் சமாச்சாரத்தைத் திட்டி வாட்ஸப் குரூப்பில் நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தாங்க அதெல்லாம். எனக்குக் கண்ணு இருக்குது. நல்லா மூடிக் கட்டுங்க" என்றேன். மனிதர் ரோஜாவையும் சம்பங்கியையும் வைத்து ஒரு பொட்டு விடாமல் மூடினார்.

அலங்காரம் முடிந்ததும் சகலையே வந்து காரை ஆன் செய்து, ஓடுகிற நிலையிலேயே என்னிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். அவருடைய டிரைவர் இருந்திருந்தாலாவது யாரையாவது கேட்டிருக்கலாம். அவர் பால் கேன் எடுத்துவரப் போயிருந்தார், என் டீசல் காரில். (பாலிஷ் டப்பா வாங்கி வைத்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா?)

மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். உடுமலைப் பக்கத்துப் பையன், பெங்களூரில் வேலை, சாது. ஊர்வலம் கிளம்பியதும் கார் கத்த ஆரம்பித்தது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று ஒரு கீ, பின்னால் ஏதோ இருக்கிறது என்று ஒரு கீ, பக்கவாட்டில் இரண்டு கீ. பூவைத்தான் அது ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டியது. என் மூக்குக் கண்ணாடி வீட்டில், வேறு சட்டையில். ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி இடைவிடாமல் கத்துகிற காரை, மேளத்துக்குப் பின்னால் ஆமையாக நகர்த்திக்கொண்டு எப்படியோ மண்டப கேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஆரத்தி. ஆரத்தி எடுக்கும்போது இன்ஜினை நிறுத்துவது மரியாதை. நிறுத்தினேன்.

ஆரத்தி முடிந்தது. கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் சிவப்புக் கம்பளம். நடுவில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிய பெரிய பூ ஆர்ச். அதற்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு வைத்த மேசை. மேலே ட்ரோன் பறக்கிறது. வீடியோக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் பட்டனை அழுத்தினேன்.

டிங் என்று ஒரு சத்தம். திரையில் வெளிச்சம். அவ்வளவுதான். கார் நகரவில்லை. மறுபடி அழுத்தினேன், வெளிச்சம் போனது. மறுபடி, வந்தது. மறுபடி, போனது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்த வேண்டும் என்பதை அந்தக் கார் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பொடி எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது. என் காது மட்டும் இன்ஜின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் முன்னூறு பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் என்னைக் கேட்டுக் கார் வாங்கியவர்கள். கார் நின்றுவிட்டால் தமிழன் என்ன செய்வான்? இறங்கி பானெட்டைத் திறந்தேன். அலங்காரம் பிய்ந்து சம்பங்கி மாலை காலடியில் விழுந்தது. உள்ளே இன்ஜின் இருக்கிற இடத்தில், டிபன் கேரியர் வைக்கிற அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

எட்டிப் பார்த்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா. கொமரலிங்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற விவசாயி. ஆறடி உயரம், பட்டு வேட்டி, பட்டுத் துண்டு.

"ஏனுங்க, இன்ஜினைக் காணமே? யாராச்சும் கழட்டிட்டுப் போயிட்டானுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் புத்தி கெட்டது. "ஒண்ணுமில்லீங்க, பேட்டரி எறங்கிப்போச்சு. செகண்ட் கியர் போட்டுத் தள்ளுனா எடுத்துக்கும்" என்றேன். நானேதான் சொன்னேன். தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்த அதே வாய்.

"அப்படிச் சொல்லுங்க! எங்க டிராக்டருக்கும் இதே வைத்தியந்தான்" என்றார் பெரியப்பா. அந்த முன்னூறு பேரில் என்னை நம்பியவர் அவர் ஒருத்தர்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார்.

நான் பானெட்டை மூடிவிட்டு ஏறினேன். பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமா, இதுல செகண்ட் கியரே இல்லீங்களே."

"நீங்க சித்த கம்முனு உக்காருங்க மாப்பிள்ளை."

தள்ளப் போகிற வண்டியில் ஏறினால் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். முப்பது வருஷப் பழக்கம். பிரேக்கில் கால் இருக்கும்போதே, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டனை இன்னொரு தடவை அழுத்தினேன். கியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டத் திருகு இருந்தது. அதை முன்னோக்கிப் போகிற பக்கம் திருப்பினேன். அந்த நிமிஷத்தில் கார் உயிரோடு, புறப்படத் தயாராக இருந்தது. சத்தம் போடாததால் எனக்குத் தெரியவில்லை. காலை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தள்ளுங்க!" என்றேன்.

நகர்ந்தது. பின்னால் ஒரே ஆரவாரம். "நகருது, நகருது! விடாதீங்க!" தாங்கள் தள்ளித்தான் நகர்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டீசல் வண்டியைத் தள்ளினால் ஒரு கட்டத்தில் இன்ஜின் உதறிக்கொண்டு எழும், அந்த உதறல் காலில் தெரியும். அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உதறல் வராவிட்டால் கை தேர்ந்த டிரைவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிப்பான். நான் ரொம்பவே கை தேர்ந்தவன். முழுக்க மிதித்தேன்.

எலெக்ட்ரிக் கார்களைத் தூக்கிப் பேசுகிறவர்கள் சொல்கிற ஒரு விஷயம் உண்மை. எடுத்த எடுப்பில் அவற்றுக்கு இருக்கிற வேகம் எந்த டீசலுக்கும் கிடையாது.

பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் அப்படியே கம்பளத்தில் குப்புற விழுந்தார்கள். முன்னால் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நல்ல வேளை, எல்லோரும் ஓடினார்கள். நான் பிரேக்கைக் கண்டுபிடிப்பதற்குள் சந்தன மேசை பறந்தது, ஆர்ச்சின் ஒரு கால் முறிந்தது, மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பூவோடு சேர்ந்து காரின் மேல் சாய்ந்து படுத்தன. கண்ணாடி முழுக்க சந்தனம். நாதஸ்வரம் நின்றது. தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தார்.

யாருக்கும் அடியில்லை. மாப்பிள்ளையின் மாலை அறுந்திருந்தது, அவ்வளவுதான். சிரிக்கலாமா என்று கூட்டம் யோசித்துக்கொண்டிருந்தபோது கொமரலிங்கத்துப் பெரியப்பா எழுந்தார். அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே, விழுந்து கிடக்கிற ஆர்ச்சைப் பார்த்தார்.

"பேரெழுதுன ஆர்ச்சே உழுந்துபோச்சு. விடிஞ்சா முகூர்த்தம். இது என்னங்க சகுனம்?"

சகலை போர்டிகோவில் சிலை மாதிரி நின்றார். அந்த மனிதரின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. ஆர்டர் கேன்சலான அன்றுகூட அப்படி இல்லை. எப்படியோ காரிலிருந்து இறங்கி நின்றேன். நிவேதாவை நான் தோளில் தூக்கி வளர்த்திருக்கிறேன். என் வாய்க்கொழுப்பில் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தபோது, நான் அந்தக் காருக்கு அடியில் கிடந்திருக்கலாம் என்றே தோன்றியது.

பெண்ணின் அம்மா கோமதிதான் முன்னால் வந்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"அண்ணா, சகுனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பெரிய திருஷ்டி ஒண்ணு கழிஞ்சுபோச்சு. எங்க புள்ளைக்கு வரவேண்டியது எல்லாம் எங்க மாமா மேலயே எறங்கிப்போச்சுங்க."

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையில் ரோஜா இதழ், சட்டையில் சந்தனம், கையில் ஒடிந்துபோன சைடு கண்ணாடி. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஆமாங்க. எறங்குன மாதிரித்தான் தெரியுது" என்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

என் கதை அடுத்த வாரம் முடிந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர், "முன்னாடி சென்சாரை மூடாம விட்டிருந்தா வண்டி தானா நின்னாலும் நின்னிருக்குங்க சார்" என்றார். சகலை அலங்காரக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "விட்டுக் கட்டட்டுங்களான்னு கேட்டனுங்க. அந்த அண்ணந்தான் நல்லா மூடிக் கட்டச் சொன்னாருங்க" என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சகலை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"பரவாயில்லீங்ணா" என்றார்.

கொங்கு நாட்டில் ஒரு மனிதனைக் கொல்வதற்கு இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது.

அதோடு அந்த மரியாதையும் போனது. சேவூரிலிருந்து ஒரு பங்காளி, "கல்யாணம் முடியட்டுங்ணா, ஊட்டுக்கே வரேன், டீசலா ஹைப்ரிடான்னு நீங்கதான் சொல்லோணும்" என்று சொல்லியிருந்தார். வரவே இல்லை. சகலையைக் கேட்டு வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்னதில் பல விஷயம் பலித்தது. சகலையின் காருக்கு ஏதோ அப்டேட் போட்ட அன்று திரை இருண்டு, ஏசி போடக்கூட வழியில்லாமல் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஒரு பார்ட் வருவதற்குக் கார் ஒரு மாதம் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. பஞ்சருக்குக் கொடுத்த பசை பல்லடத்தில் காலை வாரியது. இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? வாயைத் திறந்தாலே, "பெரியப்பா, தள்ளட்டுங்களா?" என்கிறார்கள். ட்ரோன் எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் விழுகிறவர்களின் வரிசை அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் சொந்தத்தில் புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, கடைசியாக என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வண்டிக்குப் பின்னால் போய்க் கை வைத்துத் தள்ளுவது மாதிரி நிற்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். திருஷ்டி கழிந்துவிடுமாம். முன்பு வாங்குவதற்கு முன்னால் கூப்பிட்டார்கள், இப்போது வாங்கிய பிறகு. சிரித்துக்கொண்டே போய் நிற்பேன். வேறென்ன செய்ய?

போன மாதம் என் மகள் யாழினி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், தன் சம்பளத்தில் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். எலெக்ட்ரிக். என்னிடம் கேட்கவில்லை. "சர்ப்ரைஸுப்பா" என்றாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பூஜை முடிந்தது. அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். சாந்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "சார், கை வைங்க சார்" என்றார்கள். போய்க் கை வைத்தேன். மற்றவர்கள் வண்டிக்கு விளையாட்டாகத்தான் கை வைப்பேன். இது என் பிள்ளை வாங்கிய வண்டி. என்ன நினைத்தேனோ, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தோளையும் கொடுத்து நிஜமாகவே தள்ளினேன்.

ஜன்னலிலிருந்து யாழினி தலையை நீட்டினாள்.

"போதும் விடுங்கப்பா. அது தானாப் போகும்."

கையை எடுத்தேன். போய்விட்டது.